ஸ்கோப்பைத் தாங்கிய இரும்பு: பழைய ராணுவ ஸ்னைப்பர் மவுண்டுகள், எது நின்றது, எது ஆடியது

ரைஃபிளின் குறி தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களுக்கு இடையே 100 மி.மீ. இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பின் வளையம் 0.1 மி.மீ. நகர்கிறது. எழுதும் தாளின் கனம்தான். 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. தள்ளி விழும், 400 மீட்டரில் 40 செ.மீ. தள்ளிப் போகும். ஸ்கோப்பின் கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இந்தப் பிழையை அது காட்டாது. குறுக்குக் கம்பி இலக்கின் நடுவில்தான் நிற்கும், குண்டு மட்டும் வேறெங்கோ போகும்.

பழைய ஸ்னைப்பர் ரைஃபிள்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஸ்கோப்பைச் சுற்றியே நடக்கிறது: எத்தனை மடங்கு பெரிதாக்கும், எந்தக் கம்பெனி கண்ணாடி, ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக் கம்பி) எப்படி. ஆனால் அந்த ரைஃபிளை நம்பலாமா என்பதை முடிவு செய்தது ஸ்கோப்புக்கும் ரிசீவருக்கும் (போல்ட் இயங்கும் ரைஃபிளின் நடு உடல்) நடுவில் இருக்கும் இரும்புத் துண்டான மவுண்டுதான். அந்தத் துண்டுகளைத்தான் இங்கே மதிப்பிடுகிறோம்.

எதை வைத்து மதிப்பிடுவது? ரிசீவரை அது எப்படிப் பிடிக்கிறது, உதையின் விசையைத் திருகு தாங்குகிறதா அல்லது உலோக முகம் தாங்குகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கழற்றி மறுபடி மாட்டினால் ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்த சீரமைப்பு) திரும்ப வருகிறதா என்பது அடுத்தது. கிளிப்பில் (தோட்டாக்களைக் கோத்துப் பிடிக்கும் தகடு) தோட்டா நிரப்பவும் இரும்பு சைட் (ஸ்கோப் இல்லாத சாதாரணக் குறி) பார்க்கவும் வழி விடுகிறதா, சுடுபவரின் கன்னம் ரைஃபிளின் மரக் கட்டையில் படிகிறதா, போர்க்காலத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்ய முடிந்ததா என்பனவும் உண்டு. எல்லாவற்றிலும் தேறியது எதுவும் இல்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்கியிருக்கிறார்கள்.

இடப்பக்கம் ஒதுங்கிய ஸ்கோப்புகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் தரப்பின் குறிகாரர்கள் பிரிட்டனிலிருந்து வரவழைத்த விட்வொர்த் ரைஃபிள்கள் சிலவற்றில் டேவிட்சன் ஸ்கோப் இருந்தது. அது ரைஃபிளின் மேலே உட்காராமல் இடப்பக்கத்தில் தொங்கியது. அன்றைய வாய்வழி நிரப்பும் ரைஃபிளுக்கு அது பொருந்தியது, மேலே இருக்கும் சைட்டுக்கும் தொந்தரவில்லை. கண் ஸ்கோப்புக்கு மிக அருகில் இருக்க வேண்டியிருந்ததால் உதைத்தபோது புருவத்தில் அடி விழுந்தது. கண் தூரம் குறைவான ஸ்கோப்பை நன்றாக உதைக்கும் ரைஃபிளில் வைப்பது அதன் பிறகும் பல பட்டறைகள் செய்த தவறு.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் தங்கள் ராணுவத்தின் எஸ்.எம்.எல்.இ. ரைஃபிளில் பெரிஸ்கோபிக் பிரிசம் கம்பெனியின் ஸ்கோப்பையும் ஆல்டிஸ் ஸ்கோப்பையும் பெரும்பாலும் இடப்பக்கம் ஒதுக்கித்தான் பொருத்தினார்கள். மேலே வைத்தால் கிளிப்பில் தோட்டா நிரப்ப முடியாது என்பது காரணம். ஒதுங்கிய ஸ்கோப்பைக் குறை சொல்பவர்கள் எப்போதும் குண்டு விலகுவதைப் பற்றியே பேசுவார்கள். அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்கோப் குழலுக்கு 4 செ.மீ. இடப்பக்கம் இருக்கிறது, 200 மீட்டரில் ஜீரோ செய்திருக்கிறார்கள் என்று கொள்வோம். 100 மீட்டரில் குண்டு 2 செ.மீ. வலப்பக்கம் விழும், 300 மீட்டரில் 2 செ.மீ. இடப்பக்கம், 400 மீட்டரில் 4 செ.மீ. இடப்பக்கம். அன்றைய ராணுவத் தோட்டாவின் சிதறலுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. இரண்டு அச்சையும் இணையாக வைத்துவிட்டால் எந்தத் தூரத்திலும் 4 செ.மீ. வலப்பக்கம் என்று ஒரே கணக்காக முடிந்துவிடும்.

உண்மையான சிக்கல் வேறு இரண்டு. பதுங்குகுழியின் இரும்புத் தகட்டில் குழல் நுழைய வெட்டிய துளை குறுகலானது. ஒதுங்கிய ஸ்கோப் அந்தத் துளை வழியே பார்க்காமல் தகட்டின் உட்புறத்தையே பார்த்தது. குழல் எதிரியை நோக்க, ஸ்கோப் இரும்பை நோக்கியது. இரண்டாவது, தலையை இடப்பக்கம் சாய்த்துக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்ததால் கன்னம் கட்டையைத் தொடவே இல்லை. கன்னம் ஒரே இடத்தில் படியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கண் வேறு இடத்தில் இருக்கும், பாரலாக்ஸ் பிழை (கண் நகர்ந்தால் குறுக்குக் கம்பியும் இலக்கின் மேல் நகர்வதாகத் தெரிவது) அதன் வழியே நுழையும். 4 செ.மீ. விலகலைவிட இது பல மடங்கு கெடுதல்.

இந்த வகையில் மிகக் குறைந்த மதிப்பெண் வார்னர் அண்ட் ஸ்வேசி மவுண்டுக்கு. 1908 மாடல் 6 மடங்கு, 1913 மாடல் 5.2 மடங்கு. அமெரிக்க ஸ்பிரிங்ஃபீல்டிலும் கனடாவின் ராஸ் ரைஃபிளிலும் இடப்பக்க டவ்டெயிலில் (புறா வால் வடிவத் தண்டவாளம்) செருகியது. பிரிசம் வைத்த கனமான பெட்டி, ஒரு கிலோவுக்கு நெருங்கிய எடை. அந்த எடை முழுவதும் பக்கவாட்டில் ஒற்றைத் தண்டவாளத்தில் தொங்கியதால் ஒவ்வொரு உதையிலும் தண்டவாளத்தை முறுக்கியது. டவ்டெயில் தேய்ந்து ஆட்டம் கண்டது. கண் தூரம் மிகக் குறைவு என்பதால் ரப்பர்க் கோப்பையைக் கண்ணோடு அழுத்திச் சுட வேண்டும், சுட்டதும் அது கண்ணைச் சுற்றிக் கவ்வும். கண்ணாடி மோசமில்லை. அதைப் பிடித்த இரும்புதான் அதைக் கெடுத்தது.

ஜெர்மானியப் பட்டறைகள்: நேர்த்தி எங்கே விலையானது

1915-ல் ஜெர்மனியில் முதலில் வேட்டை ரைஃபிள்களைத் திரட்டினார்கள், பிறகு ராணுவ ரைஃபிளான கேவேர் 98-ல் வேட்டைக்காரர்களின் கொக்கி மவுண்டையே பொருத்தினார்கள். வேலை செய்யும் விதம் எளிது. ஸ்கோப்பின் முன் கால்களைச் சாய்த்து முன் பேஸில் (ரிசீவரில் நிலையாகப் பொருத்திய அடித்துண்டு) மாட்ட வேண்டும், பின்பகுதியைக் கீழே அமுக்கினால் பின் கால்கள் துளைகளில் இறங்கி ஸ்பிரிங் தாழ் ‘டக்’ என்று விழும். கழற்ற இரண்டு நொடி. திறமையான கை ராவிப் பொருத்தியதென்றால் ஜீரோ திரும்ப வருவதில் இதை மிஞ்சுவது கடினம்.

சிக்கல் அந்தத் ‘திறமையான கை’ என்ற சொல்லில் இருக்கிறது. கால்களும் பேஸும் அரத்தால் ராவி ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தியவை. ஒரு ரைஃபிளின் ஸ்கோப் அடுத்த ரைஃபிளில் ஏறாது, ஏறினாலும் நேர் பார்க்காது. ஸ்கோப் உடைந்தால் ரைஃபிள் பட்டறைக்குத்தான் போக வேண்டும். இன்று சேகரிப்பில் கிடைப்பவற்றை எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது முன் கொக்கியின் உள்முகம். உதையின் பளு அங்கேதான் விழுகிறது. அந்த முகம் பளபளவென்று உருண்டிருந்தால் ஸ்கோப் முன்னும் பின்னும் நகர்கிறது என்று பொருள். பின் தாழ் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அதை ஈடுகட்டாது.

இரண்டாம் உலகப் போரில் கார்98கே ரைஃபிளுக்கு ஒரே சமயத்தில் பல வகை மவுண்டுகள் ஓடின. கோபுர மவுண்டில் முன் வளையத்தின் அடியிலுள்ள காலைக் குறுக்காக நுழைத்து 90 பாகை திருப்ப வேண்டும், பின்னால் தாழ் பிடிக்கும். நல்ல மவுண்ட். பேஸ் ரிசீவரின் மேல் வளையத்தில் அமர்வதால் உதையைப் பரந்த முகம் வாங்குகிறது. ஆனால் திருப்பும்போது ஸ்கோப் குழாயையே நெம்புகோலாகப் பயன்படுத்துவதால் மெல்லிய குழாய் வளைய வாய்ப்புண்டு.

குறும் பக்கத் தண்டவாளம்தான் பாடம் சொல்லும் மவுண்ட். முதலில் மூன்றே திருகுகளால் ரிசீவரின் இடப்பக்கத்தில் பொருத்தினார்கள். உதை குழலின் திசையில் வருகிறது, திருகோ அதற்குக் குறுக்கே நிற்கிறது. திருகு இழுவிசையைத் தாங்கும் பொருள். வெட்டுவிசையில் துளையின் இடைவெளி அளவுக்கு நகரும், நகர்ந்து நகர்ந்து மரை தளரும். தளர்ந்தது. பிறகு திருகுகள் சுழலாமல் இருக்கப் பூட்டுத் திருகுகள் சேர்த்தார்கள். அதற்கும் மேல் இரண்டு கூம்பு ஊசிகளைத் தண்டவாளத்தின் வழியே ரிசீவருக்குள் அடித்தார்கள். கூம்பு ஊசி துளையை முழுக்க அடைத்துக்கொள்ளும், இடைவெளி என்பதே இல்லை. வெட்டுவிசை ஊசிக்கு, இழுவிசை திருகுக்கு என்று வேலை பிரிந்த பிறகுதான் அந்த மவுண்ட் நின்றது. கையில் ஒன்று கிடைத்தால் முதலில் ஊசிகளின் தலையைத் தேடுங்கள். முற்காலத்து மூன்று திருகு வகை சேகரிப்பாளருக்கு அரிய பொருள்தான், ஆனால் சுடுவதற்கு உகந்தது பிற்கால வகை.

1944-ல் குஸ்ட்லோஃப் ஆலையில் வந்த நெடும் பக்கத் தண்டவாளம் இன்னும் ஒரு படி மேல். ரிசீவரின் இடச் சுவரையே தடிப்பாகச் செய்து தட்டையாக மில் செய்துவிட்டு அதன் மேல் நீண்ட தண்டவாளத்தை வைத்தார்கள். வளைந்த பரப்பின் மேல் தட்டையானதைப் பொருத்தும் தலைவலி ஒழிந்தது. இவ்வளவு எளிதான தீர்வு போரின் கடைசிக் கட்டத்தில்தான் வந்தது என்பது வருத்தம்.

ஸி.எஃப்.41 பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1.5 மடங்கு, பின் சைட்டின் இடப்பக்கத் தண்டவாளத்தில் முன்னால் தள்ளி உட்கார்ந்த சின்ன ஸ்கோப். கிளிப்பும் இரும்பு சைட்டும் தடையின்றிக் கிடைத்தன. காட்சிப் பரப்பு மிகச் சிறியது. ஸ்னைப்பருக்கென்று செய்ததும் அல்ல. கே43 ரைஃபிளின் மவுண்ட் மட்டும் பாராட்டத் தக்கது: ரிசீவரின் வலப்பக்கத்திலேயே தண்டவாளத்தைச் சேர்த்து இழைத்துவிட்டதால் துளையும் இல்லை, திருகும் இல்லை. ஒரே நெம்புகோலில் ஏறி இறங்கும்.

கோச்செட்டோவ்: மலிவு வேலை இல்லை

1942 முதல் சோவியத் ராணுவத்தின் மோசின் 91/30 ரைஃபிளில் பியூ ஸ்கோப்போடு வந்த கோச்செட்டோவ் மவுண்டைப் பலர் ‘முரட்டு வேலை’ என்று ஒதுக்குகிறார்கள். வெளிப்புற மில் தடங்களைப் பார்த்துச் சொல்வது அது. முகங்கள் சேரும் இடத்தைப் பார்த்தால் கருத்து மாறும்.

பேஸ் ரிசீவரின் இடப்பக்கத்தில் இரண்டு பெரிய திருகுகளாலும் இரண்டு ஊசிகளாலும் நிற்கிறது. ஜெர்மானியர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட அதே விடை, இங்கே தொடக்கத்திலேயே இருக்கிறது. பெரிய திருகு ஒவ்வொன்றையும் பக்கத்தில் ஒரு குட்டித் திருகு பூட்டுகிறது. மேல் பகுதி முன்னால் கோள வடிவ மூட்டில் அமர்கிறது, பின்னால் பெரிய தலைத் திருகு இறுக்குகிறது. பின்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு சிறு திருகுகள் பேஸின் நாக்கை நடுவில் கவ்வுகின்றன. ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் கோள மூட்டை மையமாக வைத்து ஸ்கோப் முழுவதும் மேலே கீழே சாயும். ஏற்ற இறக்கத்துக்கு அரம் தேவையில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், பியூ ஸ்கோப்பில் டிரம்மை (திருத்தம் செய்யும் சுழல் குமிழ்) திருப்பினால் ரெட்டிகிள் காட்சியின் நடுவிலிருந்து நகர்ந்து ஓரத்துக்குப் போகும். ஆகவே பெரிய திருத்தம் எல்லாம் மவுண்டிலேயே முடிய வேண்டும், டிரம்முக்கு மிச்சமானது மட்டும்தான். சரியான வரிசை இது. முதலில் ரெட்டிகிளைக் காட்சியின் நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பின் குழல் வழியே பார்த்துத் தூரத்து இலக்கைக் குழலின் நடுவில் வையுங்கள். இப்போது ஸ்கோப் எங்கே பார்க்கிறது என்று கவனித்து, ஏற்ற இறக்கத்தை அந்த இரண்டு சிறு திருகுகளால் சரி செய்யுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். எதிர்த் திருகை முதலில் தளர்த்தாமல் இறுக்கினால் மரை போய்விடும். பக்கவாட்டுக்குத் திருகு இல்லை. ஆலையில் சேரும் முகத்தை அரத்தால் ராவினார்கள். இன்று பழைய மவுண்டில் அரம் வைப்பது பாவம். பேஸுக்கும் மேல் பகுதிக்கும் நடுவில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்தால் போதும். பின்பக்கம் தகடு வைத்தால் ஸ்கோப்பின் பின்முனை இடப்பக்கம் நகரும், குண்டும் இடப்பக்கம் நகரும். இரும்பு சைட்டில் பின் குறியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் குண்டு போகும் என்ற விதியேதான் இது. கடைசியாகச் சுட்டுப் பார்த்து, டிரம்மின் மேலுள்ள சிறு திருகுகளைத் தளர்த்தி, எண் வளையத்தை மட்டும் சரியான தூரத்துக்கு நகர்த்திப் பூட்டுங்கள்.

ஸ்கோப் உயரமாக நிற்பதால் கீழே இரும்பு சைட் தெரியும். நல்லது. அதே உயரத்தால் கன்னத்துக்குப் பதில் தாடைதான் கட்டையில் படும். இந்த ரைஃபிளின் பெரிய குறை இதுதான், அதற்குக் கன்னப் பலகையும் கொடுக்கவில்லை. கிளிப் ஏறாது, ஐந்து தோட்டாவையும் ஒவ்வொன்றாகத் திணிக்க வேண்டும். போல்ட்டின் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்கும் என்பதால் அதை நீளமாக்கிக் கீழே வளைத்தார்கள். 270 கிராம்தான் இருக்கும் பியூவின் சிறிய உடல் மவுண்டுக்குப் பெரிய உதவி: கனம் குறைந்தால் உதையில் மவுண்ட் தாங்க வேண்டிய விசையும் குறைகிறது. வார்னர் அண்ட் ஸ்வேசியில் நடந்ததற்கு நேர் எதிர்.

இன்று சந்தையில் கிடைக்கும் நகல் பேஸ்களைப் பற்றி எச்சரிக்கை தேவை. பெரும்பாலான கோளாறு ஊசியில் வரும். துளைக்கு ஊசி தளர்வாக இருந்தால் அது வெறும் அலங்காரம், பளு முழுதும் திருகுக்குத்தான். விரலால் அமுக்கி உள்ளே போகும் ஊசி எதற்கும் ஆகாது, சிறு சுத்தியலால் தட்டித்தான் போக வேண்டும். போருக்குப் பின் பல ஸ்னைப்பர் ரைஃபிள்களில் பேஸைக் கழற்றி, துளைகளை அடைத்துப் பற்றவைத்து, சாதாரண ரைஃபிளாக மாற்றிவிட்டார்கள். ரிசீவரின் இடச் சுவரில் அடைத்த துளைகளின் வட்டத் தடம் தெரிந்தால் அது உண்மையான முன்னாள் ஸ்னைப்பர். அதே இடத்தில் புதுத் துளை போட்டால் பற்றவைப்பின் விளிம்பில் ட்ரில் பிட் வழுக்கி மையம் தப்பும். அவசரம் கூடாத இடம்.

நம்பர் 4 (டி): நம் கையில் முதல் இடம்

பிரிட்டனின் நம்பர் 4 மார்க் 1 (டி) ரைஃபிளை 1942 முதல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பட்டறை மாற்றியமைத்தது. எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தாண்டியது. வேட்டைத் துப்பாக்கியில் பெயர் போன பட்டறை இவ்வளவு எண்ணிக்கையில் ஒரே தரத்தில் செய்து கொடுத்தது சாதாரணம் இல்லை.

ரிசீவரின் இடப்பக்கத்தில் இரண்டு எஃகு பேடுகள் (திண்டுகள்). அவற்றின் மேல் வார்ப்பிரும்பு பிராக்கெட் ஒன்று, இரண்டு பெரிய கைத்திருகுகளால் இறுகுகிறது. பிராக்கெட்டில் நம்பர் 32 ஸ்கோப். நம்பர் 32 முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக வடிவமைத்தது. ஸ்கோப்பும் பிராக்கெட்டும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ. இவ்வளவு கனத்தோடு மூன்று மடங்கு மட்டுமே பெரிதாக்குகிறது என்று சிலர் குறைப்படுவார்கள். ஆனால் அந்தத் தடித்த பிராக்கெட்டை ஒரு தடவை கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டு கால்களுக்கும் இடையே நல்ல தூரம். தொடக்கத்தில் சொன்ன கணக்கில், இடைவெளி கூடக்கூட அதே 0.1 மி.மீ. நகர்வு உண்டாக்கும் பிழை குறைகிறது.

இதிலும் பலவீனம் உண்டு, அது முன் பேடு. உதை வந்து சேரும் இடம் அதுதான். தொடக்கத்தில் பேடின் திருகுகள் தளர்ந்து பேடே ஆடியது. திருகோடு ஈயப் பற்றும் வைத்துப் பேடின் முகம் முழுவதையும் ரிசீவரோடு ஒட்டினார்கள், திருகுத் தலைகளை உளியால் குத்திப் பூட்டினார்கள். இன்று ஒரு நம்பர் 4 (டி) எடுத்து ஜீரோ நிற்கவில்லை என்றால் ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் முன் பேடைப் பாருங்கள். பேடும் ரிசீவரும் சேரும் கோட்டில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, பிராக்கெட்டை மாட்டி ஸ்கோப்பைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். கோட்டில் எண்ணெய் கசிந்து மினுங்கினால் பேடு தளர்ந்திருக்கிறது. கைத்திருகை இன்னும் இறுக்கினால் சரியாகும் என்று நினைப்பது வீண்.

ஸ்கோப்பின் மூன்று மார்க்குகளுக்கும் (பதிப்புகள்) உள்ள வேறுபாடு நடைமுறையில் பெரியது. மார்க் 1-ல் பக்கவாட்டு டிரம் ஒரு கிளிக்குக்கு 2 நிமிடக் கோணம், தூர டிரம் 50 கஜப் படிகள். 2 நிமிடம் என்றால் 100 மீட்டரில் ஏறத்தாழ 6 செ.மீ., நடுவில் நிறுத்த வழியில்லை. மார்க் 2-ல் அது 1 நிமிடமானது. மார்க் 3-ல் தனிக் கருவி இல்லாமலே டிரம்மை ஜீரோவுக்கு நகர்த்தலாம். சுடுவதற்கென்றால் மார்க் 3 தேடுங்கள்.

ஸ்கோப்புக்கு இடம் விடப் பின் சைட்டின் போர்க்காலச் சிறு துளைப் பகுதியை வெட்டி எடுத்திருப்பார்கள், ஏணி சைட் மட்டும் இருக்கும். இது மாற்றப்பட்ட ரைஃபிளின் நல்ல அடையாளம். ரைஃபிளின் எண் பிராக்கெட்டிலும் ஸ்கோப்பின் எண் கட்டையின் கழுத்திலும் பொறித்திருக்கும். இவை பொருந்துவது சேகரிப்பாளரின் ஆசைக்காக மட்டுமில்லை. வேறு ரைஃபிளின் பிராக்கெட் மாட்டினால் திருகு ஏறும், ஆனால் ஸ்கோப்பின் அச்சு குழலோடு சேராமல் டிரம்மின் வீச்சு பாதியும் நேராக்குவதிலேயே தீர்ந்துவிடும். மரக் கன்னப் பலகை வைத்ததும் இவர்கள்தான். இதே மவுண்ட் அமைப்பு 7.62 மி.மீ. எல்42ஏ1 ரைஃபிளிலும் தொடர்ந்தது. இதைவிட நீண்ட நாள் உழைத்த மவுண்டைக் காட்டுவது அரிது.

ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை போரின் இறுதியில் நம்பர் 1 மார்க் 3 (எச்.டி.) என்று கனமான குழலோடு செய்த ரைஃபிளில் பழைய கொக்கி மவுண்டுக்கே திரும்பினார்கள். உயர மவுண்ட், தாழ்ந்த மவுண்ட் என இரண்டு உண்டு. சுடுவதற்குத் தாழ்ந்தது வசதி.

அமெரிக்கர்களின் மூன்று வழிகள்

ஸ்பிரிங்ஃபீல்டின் ஸ்னைப்பர் வகையான எம்1903ஏ4 1943-ல் வந்தது. ரெட்ஃபீல்ட் ஜூனியர் என்ற கடையில் விற்ற வேட்டை மவுண்டையும் வீவர் 330 ஸ்கோப்பையும் அப்படியே ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைத் துண்டு பேஸ் ரிசீவரின் மேலே பாலமாகக் கிடக்கிறது. அது மூடும் என்பதால் ரிசீவரின் எழுத்துகளையும் எண்ணையும் இரு பக்கத்துக்கும் ஒதுக்கிப் பொறித்தார்கள். கிளிப் இல்லை, இரும்பு சைட்டும் இல்லை. ஸ்கோப்பில் ஈரம் புகுந்து மங்கினால் ரைஃபிளில் வேறு குறியே கிடையாது. ராணுவ ரைஃபிளுக்கு இது பொறுக்க முடியாத குறை.

மவுண்ட் அமைப்பு கெட்டதில்லை. முன் வளையம் டவ்டெயிலில் 90 பாகை திரும்பி உட்காரும், பின் வளையத்தை இரண்டு எதிரெதிர்த் திருகுகள் கவ்வும். பக்கவாட்டுப் பெரிய திருத்தத்தை இந்தத் திருகுகளிலேயே செய்யலாம்: வலத் திருகை இறுக்கினால் பின் வளையம் இடப்பக்கம் போகும், குண்டும் இடப்பக்கம். இங்கே எல்லாரும் செய்யும் தவறு, முன் வளையத்தைத் திருப்ப ஸ்கோப்பையே பிடித்துத் திருகுவது. முக்கால் அங்குலக் குழாய் உடனே நசுங்கும். அதே விட்டத்தில் திட உருளை ஒன்றை வளையத்தில் இறுக்கி அதனால் திருப்பி, டவ்டெயில் இருக்கையைப் பழக்கிய பிறகுதான் ஸ்கோப்பை வைக்க வேண்டும். அடிக்கடி கழற்றினால் டவ்டெயில் தேயும். அது கழற்றி மாட்டுவதற்கென்று செய்த மூட்டு இல்லை.

மரைன் படையின் அனர்டல் 8 மடங்கு ஸ்கோப் வேறு சிந்தனை. உதையில் ஸ்கோப்பைப் பிடித்து வைக்காமல் வளையங்களுக்குள் வழுக்க விட்டார்கள். ரைஃபிள் பின்னால் போகும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கும். மவுண்டுக்கும் கண்ணாடிக்கும் அடியே இல்லை. துல்லியத்தில் இதற்கு ஈடு அன்று குறைவு. ஆனால் ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் ஸ்கோப்பைக் கையால் இழுத்துப் பழைய இடத்தில் வைக்க வேண்டும், மணலும் சேறும் வழுக்கும் பரப்பில் ஏறினால் அந்த நயம் போய்விடும். இலக்குப் போட்டிக்குப் பிறந்த மவுண்ட், போர்க்களத்துக்கு அனுப்பினார்கள்.

எம்1 கேரண்ட் ரைஃபிளில் எட்டுத் தோட்டாக் கிளிப் மேலே உள்ளே போய் மேலேயே தெறித்து வெளியே வரும் என்பதால் ஸ்கோப் ஒதுங்கியே ஆக வேண்டும். அதன் ஸ்னைப்பர் வகையான எம்1சி-யில் கிரிஃபின் அண்ட் ஹவ் பக்கவாட்டு மவுண்ட், இரண்டு நெம்புகோல்கள். பேஸைத் திருகும் கூம்பு ஊசியும் பிடிக்கின்றன. ரிசீவரைக் கடினமாக்குவதற்கு முன்பே துளை போட வேண்டும், பிறகு வெப்பச் செயலில் அளவு மாறலாம். அதனால் ஆலைக்கு இது பெரும் தொல்லை. அடுத்த வகையான எம்1டி-யில் ரைஃபிளை வடிவமைத்த ஜான் கேரண்ட் அதை வெட்டி எறிந்தார்: ரிசீவரைத் தொடாமல் குழலின் பின்பகுதியில் பேஸை ஏற்றி, ஒற்றைப் பெரிய கைத்திருகால் மவுண்டைப் பிடிக்க வைத்தார். குழலை மாற்றினால் எந்த ரைஃபிளும் எம்1டி ஆகிவிடும். தயாரிப்பில் எம்1டி வென்றது, பிடிமானத்தில் எம்1சி. இடப்பக்கம் சாயும் கன்னத்துக்கு இரண்டிலும் தோல் பட்டை கட்டிக் கொடுத்தது சரியான செயல். பிற்கால ஸ்னைப்பர் ரைஃபிளான எம்21-ல் வந்த லெதர்வுட் ஸ்கோப்பின் மவுண்டில் கேம் (ஒரு பக்கம் புடைத்த சக்கரம்) ஒன்று ஜூம் வளையத்தோடு சேர்ந்து சுழன்று ஸ்கோப்பையே சாய்த்தது. யோசனை அருமை. ஆனால் ஜீரோ இப்போது ஸ்பிரிங்கையும் கேமின் முகத்தையும் நம்பி நிற்கிறது, அங்கே தூசி சேர்ந்தால் எல்லாத் தூரமும் சேர்ந்து தப்பும்.

ஜப்பானின் 97-ஆம் வகை ரைஃபிளில் 2.5 மடங்கு ஸ்கோப்பும் மவுண்டும் ஒரே துண்டு, இடப்பக்க டவ்டெயில், திருத்த டிரம்மே இல்லை. ஆலையில் ஜீரோ செய்ததுதான், ரெட்டிகிளில் உள்ள கோடுகளை வைத்துச் சுடுபவர் ஒதுக்கிக் குறிபார்க்க வேண்டும். கிளிப் தாராளமாக ஏறும். உடைவதற்குத் திருகு இல்லை என்பது பலம். ஸ்கோப் வேறு ரைஃபிளுக்கு மாறிவிட்டால் திருத்த வழியே இல்லை என்பது அதன் மறுபக்கம், எண் பொருந்தாத 97 வெறும் காட்சிப் பொருள்தான். சுவிஸ் கே31/42, கே31/43 இரண்டிலும் ஸ்கோப் ரைஃபிளோடே நிரந்தரமாக இணைந்தது, பெரிஸ்கோப் தலையைத் தூக்கினால் காட்சி. நேர்த்தியான வேலை. 1.8 மடங்கும் 2.8 மடங்கும் அந்த உழைப்புக்குக் குறைவு.

கையில் எடுத்தால்

எந்தப் பழைய மவுண்டானாலும் சுடாமலேயே பாதி உண்மையைத் தெரிந்துகொள்ளலாம். போல்ட்டை எடுத்துவிட்டுத் தோட்டா அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். சேரும் முகங்களில் பழைய கிரீஸைத் துடையுங்கள். நீலச் சாயத்தை ஒரு முகத்தில் மட்டும் மிக மெல்லியதாகத் தடவி மவுண்டை மாட்டிக் கழற்றுங்கள். எதிர் முகத்தில் சாயம் இரண்டு ஓரத்திலும் பட்டிருந்தால் நல்லது, நடுவில் மட்டும் பட்டிருந்தால் மவுண்ட் அந்த மேட்டில் ஊஞ்சலாடுகிறது.

பிறகு குழல் முனையில் கட்டம் போட்ட கோலிமேட்டரை (ஸ்கோப் எங்கே பார்க்கிறது என்று காட்டும் கருவி) செருகி, குறுக்குக் கம்பி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். மவுண்டைக் கழற்றி மாட்டுங்கள், ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் திருகுகளை அதே வரிசையில், அதே அளவு இறுக்கி. ஐந்தும் ஒரே இடத்தில் நின்றால் மவுண்ட் சுகம். ஒவ்வொரு தடவையும் ஒரே திசையில் தள்ளிக்கொண்டே போனால் தேய்மானம். முன்னும் பின்னும் மாறி மாறிக் குதித்தால் பேஸ் தளர்ந்திருக்கிறது அல்லது ஊசி காணோம்.

திருகுத் தலையின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும், பக்கங்கள் இணையான ஸ்க்ரூடிரைவரை மட்டுமே பயன்படுத்துங்கள். ஆப்பு வடிவ முனை வெட்டின் மேல் விளிம்பைக் கிழிக்கும். உளியால் குத்திப் பூட்டிய திருகைக் காரணமில்லாமல் அசைக்க வேண்டாம். கெட்டியான பூட்டுப் பசையை அசல் மரையில் விடாதீர்கள். அதை எடுக்கச் சூடாக்க வேண்டும், நம்பர் 4 (டி)-யின் பேடில் அந்தச் சூடு ஈயப் பற்றை உருக்கிவிடும்.